நீர் மாத்திரையும் வீட்டு எடை மெஷினும்

அம்மா தினமும் போடுகிற மாத்திரைகளில் மற்ற எதோடும் அவருக்குச் சண்டை கிடையாது. கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தது, பிரஷர் மாத்திரை எல்லாம் கேள்வி கேட்காமல் உள்ளே போய்விடும். உடம்பில் தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை மட்டும் பேச்சுவார்த்தை முடிந்த பிறகுதான். "இன்னைக்குக் கோயிலுக்குப் போகணும், வேண்டாம்." "கால் வத்தியிருக்கு பாரு, இன்னைக்குப் பாதி போதும்." "நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்."

யோசித்துப் பார்த்தால் இதற்குக் காரணம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் பயபக்தியோடு விழுங்குகிறோம். நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் தன் வேலையைக் காட்டிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது நம் கைக்குள் இருப்பதாக ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அப்புறம் நாமே டாக்டர். இதில் வேடிக்கை என்னவென்றால், ஏற்றி இறக்க வேண்டிய மருந்துதான் இது. ஆனால் ஏற்றி இறக்குவது எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து. பஸ்ஸில் கழிவறை இருக்கிறதா என்பதைப் பார்த்து அல்ல.

அம்மாவுக்கு மாரடைப்புக்குப் பிறகு பம்பிங் குறைந்துவிட்டது. எக்கோவில் 35 சதவீதம் என்று வந்தது. இதயம் சரியாக இறைக்காதபோது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. அது உடம்பில் தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்துக்கொண்டு உப்பைப் பிடித்து வைக்கிறது. உப்பு எங்கே தங்குகிறதோ அங்கே தண்ணீர் தங்கும். கணுக்கால், வயிறு, கடைசியில் நுரையீரல். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, வெளியே வருவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதி அத்தனையும் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. வடிகட்டிய உப்பில் கால் பங்கை மீட்கிற ஒரு வளைவு அந்தக் குழாயில் உண்டு. ஃப்யூரோசமைடு, அதாவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த லாசிக்ஸ், அந்த இடத்தில் போய்க் கதவைச் சாத்துகிறது. மீட்கப்படாத உப்பு, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகிறது.

வாயால் போட்டால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சம். ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும். இந்த ஆறு மணி நேரக் கணக்கு புரிந்தால் பாதி சண்டை ஓய்ந்துவிடும். காலையில் போடச் சொல்வது இதனால்தான். இரண்டு வேளை என்றால் இரண்டாவது மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அல்ல. மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் கடைசி ஒன்றை எப்போது போடுவது என்று கேட்டுவிட வேண்டும். ராத்திரி இருட்டில் அவசரமாக எழுந்து, தலை சுற்றி, பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பெலும்பு உடைகிற கதை ஏதாவது ஒரு வீட்டில் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

பாதி மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். பாதி போட்டால் பாதி வேலை நடக்கும் என்பது நம் கணக்கு. இந்த வகை மருந்து அப்படி நடந்துகொள்வதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது வேலையையே தொடங்கும். வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது போர் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது இல்லையா, அதே கதை. அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மேலே போய்விடும். எனவே ஒருவருக்கு 20 மில்லிகிராம் போதும், இன்னொருவருக்கு 80 வேண்டியிருக்கும். அந்த எல்லைக்குக் கீழே பாதியாக உடைத்துப் போட்டால் மருந்து போட்ட திருப்தி மட்டும்தான் மிச்சம். எதிர்ப்பக்கமும் ஓர் எல்லை உண்டு. ஓர் அளவுக்கு மேல் ஒரே வேளையில் கூட்டிக்கொண்டே போனால் பக்கவிளைவுதான் கூடும், தண்ணீர் கூடுதலாக இறங்காது.

இன்னொன்றும் உண்டு, அதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. மருந்தின் ஆறு மணி நேரம் முடிந்ததும், சிறுநீரகம் இழந்த உப்பைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். காலையில் இரண்டு லிட்டர் போனது என்று சந்தோஷப்பட்டுவிட்டு ராத்திரி மோர் மிளகாய், அப்பளம், நார்த்தங்காய் ஊறுகாய் என்று உட்கார்ந்தால், போனதெல்லாம் விடிவதற்குள் திரும்பி வந்துவிடும். "மாத்திரை வேலை செய்யல" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் ஒரு கருவாட்டுக் குழம்பு இருக்கும். இந்துப்பு போட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான்.

ஃப்யூரோசமைடைக் குடல் உறிஞ்சுவது சீராக இருக்காது. ஒருவருக்கு 10 சதவீதம் உள்ளே போகும், இன்னொருவருக்கு முழுவதும். குடலே வீங்கியிருந்தால் இன்னும் மோசம், ஊசியாகத்தான் போட வேண்டியிருக்கும். அதே வகையைச் சேர்ந்த டார்செமைடு 80 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போய்விடும். எந்த மருந்து உயிர் காப்பதில் மேல் என்று இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதுதான் கவனம் தேவை. 40 மில்லிகிராம் ஃப்யூரோசமைடுக்கு 20 மில்லிகிராம் டார்செமைடு என்பது பொதுவான கணக்கு. எண் பாதியாகிவிட்டதைப் பார்த்து "பவர் கம்மி பண்ணிட்டாங்க" என்று இரண்டாகப் போட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பஸ் பிரச்சினை. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பகல் பஸ்ஸில் போகும் ஒரு பெண்மணி, நீர் மாத்திரை போட்டுக்கொண்டு எப்படிப் போவார்? நடுவில் நிறுத்துகிற ஹோட்டலின் கழிவறைக்குள் அவரால் கால் வைக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் மாடிப்படி ஏறினால்தான் பாத்ரூம். எனவே மாத்திரையை நிறுத்துகிறார், கூடவே தண்ணீரையும் குடிப்பதில்லை. இதைப் பிடிவாதம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மா இதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டார், நான்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, வெளியூர் போற அன்னைக்குக் காலையில வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கோங்க. ஆனா அன்னைக்கே போட்டுடணும், சாயங்காலம் நாலு மணிக்கு மேல தள்ளாதீங்க" என்றார். அவ்வளவுதான். எத்தனையோ கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்ததும், போய்விட்டு வந்து மூச்சுத் திணறியதும் ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது ராஜ்ஜியம் நடத்துவது எடை மெஷின். காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்ததும், காபிக்கு முன்னால், ஏறக்குறைய ஒரே மாதிரித் துணியோடு அம்மா அதில் ஏறுவார். தினசரிக் காலண்டர் தாளில் அன்றைய எடையைப் பென்சிலால் எழுதுவார். நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம், கீழே 58.2. கிழித்த தாள்களைத் தூக்கிப் போடுவதில்லை, கிளிப் போட்டு வைத்திருக்கிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மூன்று நாளில் யாருக்கும் அவ்வளவு சதை போடாது. கால் வீங்கியது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மெஷினுக்குத் தெரிந்துவிடும். இறங்கினாலும் கவனிக்க வேண்டும். எடை வழக்கத்தைவிடச் சட்டென்று கீழே போய், வாய் உலர்ந்து, எழுந்து நின்றால் கண் இருட்டினால் தண்ணீர் அதிகமாகவே போய்விட்டது என்று பொருள். இந்த இரண்டு எல்லைகளையும், அவற்றைத் தாண்டினால் என்ன செய்வது என்பதையும் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொண்டோம். அந்த எண்கள் அம்மாவுக்கு மட்டுமானவை, அதனால் இங்கே எழுதவில்லை.

எழுதி வைப்பதைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்வேன். 1919-ல் வியன்னாவில் ஆல்பிரெட் வோகல் என்ற மருத்துவ மாணவர், சிபிலிஸ் நோயாளிக்குப் பாதரசம் கலந்த ஒரு ஊசி போட்டார். அந்த வார்டு நர்சுகளுக்கு ஒரு பழக்கம், நோயாளிகள் எவ்வளவு சிறுநீர் கழிக்கிறார்கள் என்பதை அளந்து எழுதிவிடுவார்கள். ஊசி போட்ட நாட்களில் அந்த அளவு எங்கேயோ போயிருந்தது. பிறகு பல பத்தாண்டுகள் இதய நோயாளிகளுக்குப் பாதரச ஊசிதான் நீர் மருந்து. விஷம்தான், வேறு வழியில்லை. 1950களின் கடைசியில் தயசைடு என்ற வகை நீர் மாத்திரைகளும், 60களில் ஃப்யூரோசமைடும் வந்த பிறகே அது ஒழிந்தது. ஆரம்பம் என்னவோ நர்சுகளின் அட்டவணைதான்.

உப்பும் தண்ணீரும் போகும்போது தனியாகப் போவதில்லை. பொட்டாசியம், மெக்னீசியமும் கூடவே போகின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கை கால் துவண்டுபோகும், நெஞ்சு படபடக்கும். இதயத்துக்கான டிகாக்சின் மாத்திரை போடுபவர்களுக்கு இது ரொம்ப ஆபத்து, பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் விஷமாகும். இங்கே நம் வீட்டு அதிமதுரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொண்டைக் கமறலுக்கு அதிமதுரக் கஷாயம் போட்டு நாள் கணக்கில் குடிப்பவர்கள் உண்டு. அது பொட்டாசியத்தை வெளியேற்றும், உப்பைப் பிடித்து வைக்கும், பிரஷரையும் ஏற்றும். நீர் மாத்திரை எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதைக் கெடுத்து, அதன் பக்கவிளைவை மட்டும் இரட்டிப்பாக்கும். நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான வழி ஸ்பைரோனோலாக்டோன். அது பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் நீர் மாத்திரை. 1999-ல் வந்த ஓர் ஆய்வில், தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வழக்கமான மருந்தோடு இதைச் சேர்த்தபோது இறப்பு 30 சதவீதம் குறைந்தது. டாக்டர்கள் உற்சாகமாக எழுதித் தள்ளினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதற்குப் பின் நடந்ததை 2004-ல் எழுதினார்கள். பொட்டாசியம் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் கூடியிருந்தார்கள். ஆய்வில் இருந்தவர்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வெளியே அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. பொட்டாசியம் ஏறினால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. நேராக இதயத் துடிப்பில்தான் கைவைக்கும். ஆகவே இந்த மாத்திரையில் இருப்பவர்கள் தினம் இளநீர், "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கிற பாக்கெட், இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. லாசிலாக்டோன் 50 போன்ற கூட்டு மாத்திரைகளில் ஃப்யூரோசமைடு 20, ஸ்பைரோனோலாக்டோன் 50 என்று இரண்டுமே இருக்கும். வீக்கம் என்று அதை இரண்டாகப் போட்டால் இரண்டுமே இரட்டிப்பாகும்.

ஸ்பைரோனோலாக்டோனால் ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். 1999 ஆய்விலேயே அது ஆண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு வந்தது. எங்கள் சித்தப்பா ஒருவர் திடீரென்று வீட்டுக்குள்ளும் சட்டையோடே திரிய ஆரம்பித்தார், வேஷ்டியும் துண்டுமாகத் திண்ணையில் உட்காருபவர். யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் சித்திக்கே விஷயம் தெரிந்தது. இதற்கு எப்ளெரினோன் என்று மாற்று மருந்து இருக்கிறது. அதில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

சோடியம் குறைவது வேறு மாதிரி. வயதானவர்களுக்குத் தயசைடு வகை மாத்திரைகளில் இது அதிகம், பெரும்பாலும் ஆரம்பித்த முதல் சில வாரங்களில். குமட்டல், சோர்வு, அப்புறம் பேச்சு குழறும், பேரப்பிள்ளையின் பெயர் மாறிப்போகும். வயசாகிவிட்டது, மறதி என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். புது மாத்திரை ஆரம்பித்த வாரங்களில் வருகிற மறதியை வயதின் கணக்கில் எழுதாதீர்கள், அன்றே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுத்துச் சரிசெய்யவும் முயல வேண்டாம். இதயக் கோளாறு உள்ளவர்களுக்குச் சோடியம் குறைவாகக் காட்டுவதற்குக் காரணம் பல நேரம் தண்ணீர் அதிகமாக இருப்பதுதான். மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில், ஒவ்வொரு முறை அளவு மாற்றிய பிறகு, அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்ப்பது வழக்கம். டாக்டர் எழுத மறந்தால் நாம் கேட்கலாம்.

யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்குவதும், சர்க்கரை கொஞ்சம் ஏறுவதும் உண்டு. காதில் இரைச்சல் வந்தால் தாமதிக்கக்கூடாது. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசிகளோடு ஃப்யூரோசமைடு சேரும்போது கேட்கும் திறனே போகலாம். வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் முதலில் காட்ட வேண்டியது மாத்திரைப் பட்டியல்.

எனக்கு உண்மையிலேயே பயம் வருவது முட்டிவலி மாத்திரையைப் பார்த்தால். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் எல்லாம் மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும். பிரஷருக்கோ இதயத்துக்கோ போடுகிற ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவை ஒருபக்கம், நீர் மாத்திரை ஒருபக்கம், நடுவில் இந்த வலி மாத்திரை. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே படுத்துவிடலாம். வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுருக்குகிறது, நீர் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது, டெல்மிசார்டன் உள்ளே அழுத்தம் தக்கவைக்கிற வழியைத் தளர்த்திவிடுகிறது. பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் இதே ஆபத்து. வெளியே ஏற்கெனவே தண்ணீர் போய்க்கொண்டிருக்க, வழக்கம்போல நீர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளக்கூடாது. அன்றே டாக்டருக்கு போன் போட வேண்டும். தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள், எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்றும் சொல்வார்கள். சித்திரை, வைகாசி வெயிலிலும் இந்தக் கேள்வியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை கொடுப்பார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில், நம் கையில் வருவது இரண்டும் இல்லாத வெள்ளித் தாள். முழு அட்டையாகவே வாங்குங்கள். அமெரிக்காவில் லோசெக் என்ற வயிற்றுப்புண் மருந்துக்கும் லாசிக்ஸுக்கும் ஆள் மாறாட்டம் நடந்து, கடைசியில் அந்த மருந்தின் பெயரையே பிரிலோசெக் என்று மாற்றினார்கள். பெயர் அச்சாகியிருக்கும்போதே அந்த நிலைமை.

நீர் மாத்திரை போடுகிறோம் என்று தெரியாமலே போடுபவர்களும் உண்டு. பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் எச் என்று இருந்தால் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. டெல்மா எச்சில் 12.5 மில்லிகிராம். சிடி என்றிருந்தால் பெரும்பாலும் குளோர்தாலிடோன். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஷேன் வார்னே நினைவிருக்கிறதா? 2003 உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா போனவரை, முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓராண்டுத் தடை. ஒல்லியாகத் தெரிவதற்காகத் தன் அம்மா கொடுத்த நீர் மாத்திரை என்றார். வேறு ஊக்கமருந்தைச் சிறுநீரில் மறைக்கவும் இது உதவும் என்பதால் விளையாட்டில் இதற்குத் தடை. எடை குறைப்பதற்காக இதைத் தேடுபவர்கள் அந்த அம்மாவின் கணக்கையே போடுகிறார்கள். குறைவது தண்ணீர் மட்டும், இரண்டு செம்பு குடித்தால் திரும்பிவிடும்.

எதிர்வீட்டு அக்காவுக்குச் சில மாதங்களுக்கு முன் இரண்டு காலும் வீங்கின. அம்மாவின் மாத்திரையில் இரண்டு கொடு என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. "நாளைக்கே வாங்கித் திருப்பித் தந்துடறேன்டி" என்றார். அதற்கில்லை அக்கா என்றேன், முகம் கொடுக்காமல் போய்விட்டார். நெஞ்சு அடைப்பு இல்லை, படுத்தால் மூச்சு முட்டவில்லை, எடையும் ஏறவில்லை. பிரஷருக்கு ஆம்லோடிபின் 10 மில்லிகிராம் போட ஆரம்பித்திருந்தார். அந்த மருந்து காலில் மெல்லிய ரத்தக் குழாய்களை விரிப்பதால் வருகிற வீக்கம் அது. நீர் மாத்திரை அதை வற்ற வைக்காது. வற்றவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போய் பொட்டாசியத்தைத்தான் இழக்க வேண்டியிருக்கும். அவருடைய டாக்டர் பிரஷர் மருந்தை மாற்றினார், சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிட்டது.

"அப்ப நான் உன்கிட்ட பேசாம இருந்ததெல்லாம்?" என்று கேட்டார்.

"அது பரவால்லக்கா. நீங்க போடற முட்டிவலி மாத்திரை எங்க வாங்குறீங்க, அத மொதல்ல காட்டுங்க."